சிக்னல் பெப்டைடு இல்லாத புரதம் மீடியத்தில் வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செல்லை விட்டுப் புரதம் வெளியேறுவதற்குப் பாடப்புத்தகம் ஒரே வழியைத்தான் காட்டும். புரதத்தின் தொடக்கத்தில் சிக்னல் பெப்டைடு என்ற சிறு முகவரித் துண்டு இருக்கும். அது எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் இழுத்துச் செல்லும். அங்கிருந்து கோல்கை, பிறகு நுண்பை, கடைசியில் செல் சவ்வு. ஜார்ஜ் பலாடே கண்டறிந்த பாதை இது, 1974இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் எஃப்ஜிஎஃப்2 (ஒரு வளர்ச்சிக் காரணி), இன்டர்லூக்கின்-1பீட்டா (அழற்சியைத் தூண்டும் புரதம்), கேலக்டின்கள் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள்) ஆகியவை இந்தப் பாதையில் கால் வைப்பதே இல்லை. அவற்றில் சிக்னல் பெப்டைடு கிடையாது, ஆனாலும் அவற்றுக்கு வேலை செல்லுக்கு வெளியேதான். இன்டர்லூக்கின்-1பீட்டா வழக்கமான பாதையைத் தொடாமல் வெளியேறுகிறது என்று அன்னா ரூபர்டெல்லியின் குழு 1990இல் காட்டியது. இன்று இந்த மாற்று வழிகளை நான்காகப் பிரிக்கிறார்கள்: சவ்வில் துளையிட்டு நேராக வெளியேறுவது, ஏபிசி கடத்திகள் (ஏடிபி ஆற்றலால் பொருளைச் சவ்வு தாண்டிக் கடத்தும் புரதங்கள்) வழியாகப் போவது, எண்டோசோம் (செல்லின் உள்பை) அல்லது ஆட்டோஃபேஜி (செல் தன்னைத்தானே செரிப்பது) தொடர்பான பைகளில் ஏறிப் போவது, எண்டோபிளாச வலைக்குள் நுழைந்தும் கோல்கையைத் தவிர்த்துவிட்டுப் போவது.

உங்கள் புரதம் இந்த நான்கில் எது என்று கண்டுபிடிப்பது பிந்தைய வேலை. முதலில், மீடியத்தில் (செல்கள் வளரும் ஊட்டநீரில்) அது வந்தது வெளியேற்றமா, செல் உடைந்த ஒழுகலா என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் வீணாகிற மாதங்களில் பெரும்பகுதி அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்ததால் வீணானவை என்பது என் கணிப்பு. அதனால்தான் கீழே முதல் அறிகுறிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அறிகுறி: மீடியத்தில் பேண்ட் அழகாக வருகிறது, ஆனால் டியூபுலினும் கூடவே வருகிறது

பேண்ட் என்பது ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறியும் பிளாட்டில் அது காட்டும் கோடு. டியூபுலின் செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய எலும்புக்கூட்டுப் புரதம். அதுவும் வந்தால் செல் செத்துக்கொண்டிருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டாம். ஓட்டைப் பானையிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு யாரும் குழாய் தேடுவதில்லை.

எவ்வளவு சாகிறது என்று அளக்க எல்டிஎச் சோதனைதான் வசதி. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நான்கு துண்டுகள் சேர்ந்த, ஏறக்குறைய 140 கிலோடால்டன் எடையுள்ள புரதம். சவ்வு கிழியாமல் வெளியே வராது. மீடியத்தில் உள்ள எல்டிஎச், மொத்த எல்டிஎச்சில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்கள் புரதத்துக்கும் அதே கணக்கைப் போடுங்கள். புரதம் 6 சதவீதம் வெளியே, எல்டிஎச் 5 சதவீதம் வெளியே என்றால் உங்களிடம் இருப்பது ஒழுகல். புரதம் 20, எல்டிஎச் 2 என்றால் மேலே பேசலாம். இந்தக் கணக்கைப் போடாமல் பேண்டின் கறுப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். லைசேட்டில் (செல்லை உடைத்தெடுத்த கரைசலில்) நூறில் ஒரு பங்கும் மீடியத்தில் பத்தில் ஒரு பங்கும் லோடு செய்துவிட்டு இரண்டு பேண்டையும் கண்ணால் ஒப்பிட்டால், உள்ளதைப் பத்து மடங்கு ஊதிப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

எல்டிஎச்சிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. கன்றுக்குட்டி சீரத்திலேயே எல்டிஎச் இருக்கிறது. செல் படாத மீடியத்தை அளந்து கழிக்க வேண்டும். இன்னொன்று அளவு சம்பந்தப்பட்டது. உங்கள் புரதம் 15 கிலோடால்டன் என்றால், எல்டிஎச் நுழைய முடியாத சிறு துளை வழியாகவும் அது ஒழுகிவிடும். அப்போது ‘எல்டிஎச் வரவில்லை, ஆகவே செல் நலம்’ என்று சொல்லக் கூடாது. உங்கள் புரதத்தின் அளவுக்கு நெருக்கமான, செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய ஒரு புரதத்தைக் கண்ட்ரோலாக வையுங்கள். அதே செல்லில் வெறும் ஜிஎஃப்பியை (பச்சையாக ஒளிரும் புரதம்) வெளிப்படுத்தி வைப்பது எளிய வழி. அது 27 கிலோடால்டன். ஜிஏபிடிஎச்சை (சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதி) இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதுவே சிக்னல் பெப்டைடு இல்லாமல் வெளியே காணப்படும் புரதங்களில் ஒன்று.

செத்த செல்லை நீலமாக்கும் டிரிபான் புளூ சாய எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் சரியல்ல. செத்தவை மிதந்து மீடியத்தோடு போய்விட்டிருக்கும். தட்டில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை எண்ணி ‘98 சதவீதம் உயிரோடு’ என்று எழுதுவோம்.

சரி, செல் ஏன் சாகிறது? டிரான்ஸ்ஃபெக்‌ஷன் மருந்தின் (செல்லுக்குள் மரபணுவைச் செலுத்தும் பொருளின்) நச்சு முதல் சந்தேகம். அடுத்து, சீரத்தைத் திடீரென்று நீக்கிவிட்டு இரவு முழுக்க விடுவது. நான்கு மணி நேரம் போதுமா என்று பாருங்கள். கால்சியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவினால் செல்கள் தளர்ந்து கழன்று வரும். பிப்பெட்டைத் தட்டின் நடுவில் வைத்து வேகமாக ஊற்றுவதும் அப்படித்தான்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு காரணம் சேகரித்த பிறகு நடக்கிறது. மீடியத்தை எடுத்து, மிதக்கும் செல்களை நீக்காமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து உருக்கிச் சுழற்றுகிறார்கள். உறைந்து உருகியதில் செல்கள் உடைந்து, உள்ளிருந்ததெல்லாம் கரைந்து நிற்கும். பிறகு எத்தனை வேகத்தில் சுழற்றினாலும் அதைப் பிரிக்க முடியாது. எடுத்த உடனே 300 ஜியில் பத்து நிமிடம், மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி 2,000 ஜியில் இன்னொரு முறை, அதன் பிறகுதான் ஃப்ரீசர்.

அறிகுறி: லைசேட்டில் நிறைய, மீடியத்தில் ஒன்றுமே இல்லை

இதைப் பார்த்தவுடன் ‘வெளியேறவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். வெளியேறிய புரதம் செல்லின் வெளிப்புறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

எஃப்ஜிஎஃப்2 இதற்குச் சிறந்த உதாரணம். ஹைடல்பர்க்கில் வால்டர் நிக்கலின் குழு பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்திருக்கும் வழி இது. புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் உள்ள பிஐ-4,5-பி2 என்ற கொழுப்பைப் பிடிக்கிறது. அங்கே பல மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து சவ்வில் துளையிடுகின்றன. வெளிப்புறத்தில் காத்திருக்கும் ஹெபரான் சல்ஃபேட் சர்க்கரைச் சங்கிலிகள் அவற்றைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. பிஐ-4,5-பி2வும் ஹெபரான் சல்ஃபேட்டும் புரதத்தைப் பிடிக்கும் இடங்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்துவதால் ஒன்று விட்டால்தான் மற்றது பிடிக்கும். ஆகவே எஃப்ஜிஎஃப்2 வெளியே வந்ததும் போய் நிற்கிற இடம் மீடியம் அல்ல, செல்லின் மேற்பரப்பு. மீடியத்தை மட்டும் பிளாட் செய்தால் வெறுமையாகத்தான் தெரியும்.

தீர்வு இரண்டு. ஒன்று, செல்களை, ஹெபரான் சல்ஃபேட்டை ஒத்த ஹெபாரின் கரைசலால் கழுவி அந்தக் கழுவுநீரைப் பாருங்கள். கேலக்டின் என்றால் ஹெபாரினுக்குப் பதில் லாக்டோஸ், ஏனென்றால் அது மேற்பரப்புச் சர்க்கரைகளில் தொங்குகிறது. மற்றது மேற்பரப்புப் பயோட்டினேற்றம்: பனிக்கட்டியின் மேல், சவ்வைத் தாண்டாத சல்ஃபோ வகைப் பயோட்டின், பிறகு கிளைசின் அல்லது டிரிஸ் கொண்டு வினையை நிறுத்தி, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் இழுத்தெடுப்பது. இழுத்தெடுத்ததில் டியூபுலினும் வந்தால் பயோட்டின் உள்ளே போய்விட்டது. முதல் அறிகுறிக்கே திரும்புங்கள்.

இங்கே புத்திசாலித்தனமாகத் தோன்றும் ஒரு யோசனை எல்லோருக்கும் வரும்: ஹெபரான் சல்ஃபேட் இல்லாத செல் வரிசையை எடுத்தால் புரதம் ஒட்டாமல் மீடியத்துக்கு வந்துவிடுமே? வராது. அந்தச் சங்கிலிகள் இல்லையென்றால் எஃப்ஜிஎஃப்2 சவ்வைத் தாண்டுவதே நின்றுபோகிறது. ஒட்டுவது வெளியேற்றத்துக்குப் பிந்தைய நிகழ்வு அல்ல, வெளியேற்றத்தின் ஒரு பாகம்.

மேற்பரப்பிலும் இல்லையென்றால் சாதாரண காரணங்களுக்குப் போங்கள். பத்து மில்லி மீடியத்தில் கரைந்த சில நானோகிராம் ஜெல்லில் தெரியாது. டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) கொண்டு வீழ்படிவாக்குங்கள். சீரம் இருக்கும் மீடியத்தை வீழ்படிவாக்கினால் 66 கிலோடால்டனில் ஆல்புமின் ஜெல்லையே வீங்க வைக்கும், ஆகவே சீரம் இல்லாத மீடியம். சில புரதங்கள் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலும் 0.45 மைக்ரான் வடிகட்டியிலும் ஒட்டிக்கொள்கின்றன. வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு துளி எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு துணைக் குறிப்பு. எஃப்ஜிஎஃப்2 லைசேட்டில் 18, 22, 22.5, 24 கிலோடால்டன் என்று படிக்கட்டுபோல் பேண்டுகள் வருவது புரதம் சிதைந்ததால் அல்ல. ஒரே எம்ஆர்என்ஏவில் வெவ்வேறு இடங்களில் மொழிபெயர்ப்பு தொடங்குவதால் வருபவை அவை. பெரியவை உட்கருவுக்குப் போகின்றன. வெளியே தேட வேண்டியது 18ஐ.

அறிகுறி: பிரெஃபெல்டின் ஏ கொடுத்தால் முடிவு குழப்புகிறது

பிரெஃபெல்டின் ஏ, ஆர்ஃப்1 என்ற புரதத்தை இயக்கிவிடும் ஜிபிஎஃப்1ஐ முடக்குகிறது. கோல்கை குலைந்து எண்டோபிளாச வலையோடு கலந்துவிடுகிறது. வழக்கமான பாதை அடைபடும். மாற்று வழியில் போகும் புரதம் தொடர்ந்து வெளியேற வேண்டும். கேட்பதற்கு எளிமை.

குறையவே இல்லை என்றால் மகிழ்ச்சியடைவதற்கு முன் மருந்து வேலை செய்ததா என்று பாருங்கள். அதே செல்லில் சிக்னல் பெப்டைடு உள்ள ஒரு புரதம், உதாரணமாக காசியா லூசிஃபெரேஸ், நின்றதா? எம்டிசிகே போன்ற சில செல் வரிசைகளின் கோல்கை இந்த மருந்துக்கு அசையாது. அங்கே ‘பிரெஃபெல்டின் தடுக்கவில்லை’ என்ற முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. மருந்து போடுவதற்கு முன்பே மீடியத்தில் சேர்ந்திருந்த புரதத்தை மாற்றாமல் விட்டிருந்தாலும் இதே தோற்றம்தான் வரும்.

கூடுகிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள். பல மணி நேரம் பிரெஃபெல்டினில் கிடக்கும் செல் எண்டோபிளாச வலையின் அழுத்தத்தால் சாகத் தொடங்கும். வெளியே வருவது பிணத்தின் உள்ளடக்கம்.

குறைகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். உங்கள் புரதம் வழக்கமான பாதையில்தான் போகிறதோ என்பது முதல் சாத்தியம். ஆனால் மறைமுகக் காரணமும் உண்டு: உங்கள் புரதத்தை வெளியே பிடித்து நிறுத்தும் மேற்பரப்புப் புரதங்கள் கோல்கை வழியாகத்தான் வருகின்றன. நீண்ட நேரம் மருந்து கொடுத்தால் அவை தீர்ந்துபோய், மாற்று வழியும் தளரும். இரண்டையும் பிரித்தறிய சர்க்கரையைப் பாருங்கள். புரதத்தின் வரிசையில் என்-கிளைக்கோசைல் சர்க்கரை ஏறக்கூடிய இடம் இருந்து, வெளியே வந்த வடிவத்தில் அந்தச் சர்க்கரையை வெட்டி நீக்கும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி போட்டும் பேண்ட் இடம் மாறவில்லையென்றால், அது எண்டோபிளாச வலைக்குள் நுழையவில்லை என்பதற்கு நல்ல சாட்சி. மாறினால் உள்ளே போயிருக்கிறது. அப்படிப் போன புரதத்தின் சர்க்கரை கோல்கையில் மாற்றப்படாத சர்க்கரையை மட்டும் வெட்டும் எண்டோ எச் நொதிக்கு இன்னும் வெட்டுப்பட்டால் கோல்கையைத் தாண்டி வரவில்லை என்று பொருள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் காணும் எஃப்508 நீங்கிய சிஎஃப்டிஆர் (508ஆவது அமினோ அமிலத்தை இழந்த குளோரைடு கால்வாய்ப் புரதம்), கோல்கை சார்ந்த கிராஸ்ப் புரதங்களின் துணையோடு கோல்கையைத் தவிர்த்து மேற்பரப்பை அடையக்கூடும் என்று 2011இல் தென்கொரியக் குழு காட்டியபோது, இந்த எண்டோ எச் சோதனை அவர்களின் முக்கியமான சாட்சிகளில் ஒன்று.

ஔபேயினுக்கும் ஓர் எச்சரிக்கை. சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைத் தடுக்கும் இந்த மருந்து எஃப்ஜிஎஃப்2 வெளியேற்றத்தையும் தடுக்கும் என்பது 1990களிலிருந்தே தெரியும். எலி, சுண்டெலி செல்களில் போட்டுவிட்டு ‘விளைவில்லை’ என்கிறார்கள். கொறித்துண்ணிகளின் ஆல்ஃபா-1 பம்ப் ஔபேயினுக்கு மிகவும் எதிர்ப்பு காட்டுவது. மனித செல்லில் செய்யுங்கள்.

அறிகுறி: இன்டர்லூக்கின்-1பீட்டா எலைசாவில் வருகிறது, பிளாட்டில் 17 கிலோடால்டன் இல்லை

எலைசா என்பது ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் சோதனை. அதன் கிட்டுகள் சில முன்வடிவத்தையும் பிடிக்கும். 31 கிலோடால்டன் முன்வடிவத்தைக் காஸ்பேஸ்-1 நொதி வெட்டினால்தான் 17 கிலோடால்டன் முதிர்வடிவம் வரும். மீடியத்தில் 31 மட்டும் இருந்தால் செல் உடைந்து கொட்டியிருக்கிறது.

இரண்டு படித் தூண்டல் முழுமையாக நடந்ததா என்று பாருங்கள். எல்பிஎஸ் (பாக்டீரியாச் சுவர்ப் பொருள்) கொடுத்தால் முன்வடிவம் உருவாகும், அவ்வளவுதான். சுண்டெலி மேக்ரோஃபேஜில் அதற்குப் பிறகு ஏடிபி அல்லது நைஜெரிசின் கொடுத்து பொட்டாசியத்தை வெளியேற்றினால்தான் காஸ்பேஸ்-1ஐ இயக்கும் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுப்பு ஒன்றுகூடும். ஏடிபி கரைசல் அமிலத்தன்மை கொண்டது. நடுநிலையாக்காமல் 5 மில்லிமோலார் ஊற்றினால் செல்லுக்கு வேறு அடி விழும். மனித இரத்தத்திலிருந்து நேராக எடுத்த மோனோசைட்டுகள் எல்பிஎஸ் மட்டுமே போதுமென்று முதிர்வடிவத்தை வெளியிடும். அதைப் பார்த்துவிட்டு ‘ஏடிபி இல்லாத கண்ட்ரோல் கெட்டுவிட்டது’ என்று தட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

17 வருகிறது, ஆனால் எல்டிஎச்சும் ஏறுகிறது என்றால்? இங்கே சாவும் வெளியேற்றமும் ஒரே நிகழ்வின் இரண்டு கட்டங்கள். காஸ்பேஸ்-1 காஸ்டெர்மின்-டியையும் வெட்டுகிறது. அதன் முன்பாதி சவ்வில் ஏறக்குறைய 20 நானோமீட்டர் உள்விட்டமுள்ள துளையைக் கட்டுகிறது. முதிர்ந்த இன்டர்லூக்கின் அதன் வழியே போகிறது. செல் முழுதாகக் கிழிவது பிந்தைய கட்டம், நின்ஜ்1 என்ற இன்னொரு புரதத்தின் வேலை என்று 2021இல் தெரியவந்தது. மீடியத்தில் 5 மில்லிமோலார் கிளைசின் சேருங்கள். அது கிழிதலைத் தடுக்கும், காஸ்டெர்மின் துளையைத் தடுக்காது. கிளைசினோடும் 17 வந்து எல்டிஎச் அடங்கினால் துளை வழி என்று நம்பலாம். இரண்டுமே அடங்கினால் உங்களுக்கு வந்ததெல்லாம் கிழிந்த செல்லிலிருந்து வந்தவை. இந்தத் துறையில் ஒரே பொருளால் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் சோதனை வேறு அதிகமில்லை. ஏன் எல்லோரும் வழக்கமாகச் செய்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை, கிளைசின் என்ன விலையா விற்கிறது!

அறிகுறி: 1,00,000 ஜியில் சுழற்றினால் படிவில் வருகிறது, ‘எக்சோசோம்’ என்று எழுதலாமா?

எக்சோசோம் என்பது செல் வெளியிடும் ஒரு வகை நுண்பை. அப்படி எழுத இன்னும் வேண்டாம். அந்த வேகத்தில் புரதத் திரட்டுகளும் வீழும், நுண்பையின் வெளியே ஒட்டிய புரதமும் வீழும். படிவை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்காதீர்கள், ஒன்றில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே, ஒன்றில் புரோட்டினேஸ் கேயும் சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100உம். புரதம் இரண்டாவதில் தப்பி மூன்றாவதில் அழிந்தால் பைக்குள் இருந்தது. இரண்டாவதிலேயே அழிந்தால் வெளியே ஒட்டியிருந்தது அல்லது தனியாகக் கிடந்தது. மூன்றாவதிலும் அழியவில்லையென்றால் நொதி வேலை செய்யவில்லை, புதிதாகக் கரையுங்கள். கூடவே எக்சோசோமின் அடையாளங்களான சிடி63, சிடி81 இருக்கிறதா, எண்டோபிளாச வலையின் கால்நெக்சின் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சீரத்தில் மாட்டின் நுண்பைகள் ஏராளம். செல் படாத மீடியத்தையும் அதே மாதிரி சுழற்றிப் பக்கத்தில் ஓட்டினால், உங்கள் ஆன்டிபாடி மாட்டுப் புரதத்தைப் பிடிக்கிறதா என்பது அன்றே தெரியும்.

அறிகுறி: ஈஸ்ட்டைப் பட்டினி போட்டும் ஏசிபி1 வெளியே வரவில்லை

ஏசிபி1, பட்டினியில் மாற்று வழியில் வெளியேறும் ஈஸ்ட் புரதம். ஈஸ்ட்டுக்குச் செல்சுவர் இருக்கிறது. சவ்வைத் தாண்டிய புரதம் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே நின்றிருக்கும். மீடியத்தைப் பார்க்காமல், செல் உடையாத மென்மையான கரைசலால் சுவரைக் கழுவி அந்த நீரைப் பாருங்கள். பட்டினி என்பதும் வெறும் தண்ணீர் அல்ல: பார்சிலோனாவில் விவேக் மல்ஹோத்ராவின் குழு பயன்படுத்துவது பொட்டாசியம் அசிடேட், இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் அவர்கள் கப்ஸ் என்று பெயரிட்ட சவ்வுத் தொகுப்பு ஜிஆர்எச்1 புரதத்தோடு உருவாகிறது. வளர்ச்சி முற்றிய கல்ச்சரை எடுத்தால் அது ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருக்கும். கண்ட்ரோலுக்கும் சோதனைக்கும் வித்தியாசம் தெரியாது.

அறிகுறி: டேக் ஒட்டியதும் வெளியேற்றம் மறைந்துவிட்டது

டேக் (புரதத்தை அடையாளம் காண ஒட்டும் துண்டு) எந்த முனையில் என்று முதலில் பாருங்கள். இன்டர்லூக்கின்-1பீட்டாவின் அமினோ முனையில் ஃப்ளாக் என்ற டேக்கை ஒட்டினால், காஸ்பேஸ்-1 116ஆவது அஸ்பார்டேட்டுக்குப் பின் வெட்டும்போது டேக் முன்துண்டோடு போய்விடும். வெளியே உள்ள 153 அமினோ அமிலங்களும் ஃப்ளாக் ஆன்டிபாடிக்குக் கண்ணுக்குத் தெரியாது. புரதம் வெளியே இருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை.

முனை சரியாக இருந்தும் மறைந்தால், மடிப்புதான் அடுத்த கேள்வி. எஃப்ஜிஎஃப்2 மடிந்த நிலையிலேயே சவ்வைத் தாண்டுவதால் ஜிஎஃப்பியைச் சுமந்துகொண்டும் போகிறது. டிஎம்இடி10 என்ற சவ்வுப் புரதத்தின் வழியே இடைநிலைப் பைக்குள் நுழையும் புரதங்களுக்கோ மடிப்பு அவிழ வேண்டும்; விறைப்பான ஜிஎஃப்பி பீப்பாய் அங்கே அடைத்துக்கொள்ளும். உங்கள் புரதம் எந்த ரகம் என்று அறிய டிஎச்எஃப்ஆர் நொதியை ஒட்டிப் பாருங்கள். அமினோப்டெரின் சேர்த்தால் டிஎச்எஃப்ஆர் அவிழ முடியாதபடி இறுகிக்கொள்ளும். அப்போதும் வெளியேற்றம் குறையவில்லையென்றால் உங்கள் புரதம் மடிந்தபடியே போகிறது, ஜிஎஃப்பியை வேறு இணைப்புத் துண்டோடு மறுபடி முயலலாம். நின்றுவிட்டால் ஜிஎஃப்பியை விட்டுவிட்டுக் கார்பாக்சில் முனையில் எச்ஏ போன்ற சிறிய டேக்குக்கு மாறுங்கள். டேக்கே இல்லாத புரதத்துக்கு நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் அதுவே மேல்.